கூப்பிட்டால் யார் வருவார்? நெகிரி செம்பிலான் தோட்டங்களில் முதுமையும் இணையக் கருவிகளும்

ரப்பர்த் தோட்டத்தின் நாள் பெரட்டுக் களத்தில்தான் தொடங்கும். விடிவதற்கு வெகுநேரம் முன்பே மணி அடித்துவிடும். பால்வாளியும் வெட்டுக்கத்தியுமாக ஆட்கள் வந்து நிற்க, எழுத்தரான கிராணி பெயர் வாசிப்பார். வராதவர் யார், ஏன் வரவில்லை என்பதை மேற்பார்வை பார்க்கும் கங்காணியோ தண்டலோ சொல்லியாக வேண்டும். கூலியைக் கணக்கிடவும் ஆளை வேலைக்கு விரட்டவும் ஏற்பட்ட ஏற்பாடு அது. யாருடைய நலனையும் நினைத்து உருவானதல்ல. ஆனால் ஒருவர் காலையில் படுக்கையைவிட்டு எழவில்லை என்ற செய்தி அதன் வழியாகப் பொழுது புலர்வதற்குள் தோட்டத்துக்குத் தெரிந்துவிடும். உடம்புக்கு முடியவில்லை என்றால் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரசரிடம் ஆள் போகும். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயன் வீடுகளில் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். பால்மரம் வெட்ட முடியாத வயதை எட்டிய பெண்கள் சிலர் ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள். நாளில் பத்துப் பேராவது அவர்கள் முகத்தைப் பார்த்தார்கள்.

முதியோருக்கான இணையக் கருவிகளைப் பற்றிப் பேச இந்த இடத்திலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. கழுத்தில் மாட்டும் அவசரப் பொத்தான், சுவரில் ஒட்டும் அசைவு உணரி, மணிக்கட்டில் கட்டும் கடிகாரம் ஆகியவை செய்வதெல்லாம் ஒன்றுதான்: ஒருவர் வழக்கம்போல் நடமாடுகிறாரா என்று கவனித்து, இல்லையென்றால் இன்னொருவருக்குச் சொல்வது. நெகிரி செம்பிலான் தோட்டங்களில் அந்த இன்னொருவர் எங்கே போனார்? இதற்கு விடை தேடாமல் கருவியை மட்டும் கொண்டுபோய் மாட்டினால் பணம் செலவாகும், ஆள் காப்பாற்றப்பட மாட்டார். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இதுதான்.

பழைய தோட்ட வாழ்வை அழகாக்கிக் காட்ட எனக்கு விருப்பமில்லை. குறைந்த கூலி, ஒழுகும் கூரை, கள்ளுக்கடை, துரையின் ஒரு சொல்லில் வேலை போகும் நிலை எல்லாம் சேர்ந்ததுதான் அது. ஆயினும் அந்த அமைப்பு கலைந்தபோது அதற்குள் தானாக வளர்ந்திருந்த கவனிப்பும் கலைந்தது. 1950களிலும் 60களிலும் ஐரோப்பிய முதலாளிகள் விற்ற தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அதைத் தடுக்கவே அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் பணத்தாலேயே தோட்டங்களை வாங்க வைத்தார். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானது. ஏறத்தாழ 60,000 இந்தியர்கள் நாடு திரும்பியதாகக் கணக்கு உண்டு. அடுத்து ரப்பர் மரம் விழுந்து செம்பனை எழுந்தது. செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். அந்த ஆளும் பின்னாளில் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தார். கடைசியாக நிலமே கைமாறியது. சிரம்பானை அடுத்த செண்டாயானில் தோட்டம் இருந்த நிலத்தில் இன்று பண்டார் ஸ்ரீ செண்டாயான் என்ற நகரம் நிற்கிறது.

எல்லைக்கு அந்தப் பக்கம், சிலாங்கூரில், நடந்ததையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1996இல் மல்டிமீடியா பெருவழித் திட்டம் தொடங்கியபோது அதன் முதன்மைப் பயன்பாடுகளில் தொலைநிலை மருத்துவமும் இருந்தது. 1997இல் நாடாளுமன்றம் தொலைமருத்துவச் சட்டத்தையே நிறைவேற்றியது. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வராமலே கிடந்தது. அதே பெருவழியின் நடுவே நிர்வாகத் தலைநகர் புத்ராஜெயா எழுவதற்காக பெராங் பெசார் முதலான நான்கு தோட்டங்களின் குடும்பங்கள் டெங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குப் பெயர்க்கப்பட்டன. சுவரில் விரிசல் கண்ட அந்த வீடுகளுக்காக அவர்கள் பல ஆண்டுகள் குரல் கொடுக்க வேண்டியிருந்தது. தொலைமருத்துவத்தின் கனவும் தோட்டத்து முதியவரின் படிக்கட்டும் சில கிலோமீட்டர் இடைவெளியில் இருந்தன. இரண்டையும் இணைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

இன்றைக்கு லிங்கி, ரந்தாவ், பஹாவ் பக்கத்துத் தோட்டங்களில் மிச்சமிருக்கும் லயன் வரிசைகளில் நிலைமை வேறு. பல வீடுகளில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். இடையே ஒன்றிரண்டு வீடுகளில் தமிழ் முதியவர்கள், பெரும்பாலும் கணவரை இழந்த பெண்கள். பிள்ளைகள் செனவாங், நீலாய் தொழிற்சாலைகளிலோ கிள்ளானிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். சுவரில் கோயில் நாட்காட்டி; அதில் கிளினிக் போக வேண்டிய தேதியைச் சுற்றிப் பேனாவால் வட்டம். மேசைமேல் நெகிழிப்பையில் சர்க்கரை மாத்திரையும் அழுத்த மாத்திரையும் ஒன்றாகக் கிடக்கும். பொத்தான் வைத்த பழைய கைத்தொலைபேசி சாமி மாடத்துக்குப் பக்கத்தில் இருக்கும். தொலைபேசிக் கோடு கிடைப்பது அந்த மூலையில் மட்டும்தான் என்பது வீட்டுக்காரருக்கு அனுபவத்தில் தெரியும். தீபாவளிக்கு மகன் வாங்கிக் கொடுத்த தொடுதிரைக் கைப்பேசி பீரோவுக்குள் பெட்டியோடு பத்திரமாக இருக்கும்.

2018இல் சுகாதார அமைச்சு முதியோர் நலனை மையமாக வைத்து நடத்திய தேசிய ஆய்வில், 60 வயதுக்கு மேற்பட்டோரில் 8.5 விழுக்காட்டினருக்கு மறதிநோய்க்கான அறிகுறிகள் தெரிந்தன. ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர் முந்திய ஓராண்டில் ஒரு முறையாவது விழுந்திருந்தார். விழுவதைவிட ஆபத்தானது விழுந்து கிடப்பது. ஒரு மணி நேரத்துக்கு மேல் எழ முடியாமல் தரையில் கிடக்கும் முதியவருக்கு நீர் வற்றும். அழுந்திய தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். நுரையீரலில் சளி கட்டும். பக்கவாதத்துக்கோ நேரம்தான் மருந்து. இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். செம்பனைக்கு நடுவே செம்மண் பாதையில் கிடக்கும் ஒரு வீட்டிலிருந்து சிரம்பான் துவாங்கு ஜாஃபர் மருத்துவமனைக்கு ஆளைக் கொண்டுசேர்க்க அந்த நேரம் போதும். ஆனால் காலை ஆறு மணிக்கு விழுந்தவரை மாலை ஆறு மணிக்குத்தான் ஒருவர் பார்த்தார் என்றால் எந்த மருத்துவமனையாலும் ஒன்றும் செய்ய முடியாது. அரசு மருத்துவமனைகளில் முதியோர் மருத்துவப் பிரிவு முதலில் வேர்விட்ட இடங்களுள் சிரம்பானும் ஒன்று. வல்லுநர் இருக்கிறார், அவருக்குச் செய்தி போய்ச் சேருவதுதான் சிக்கல்.

இந்தச் சிக்கலுக்கு ஜப்பானில் கண்ட விடை எனக்கு மிகவும் பிடித்தது. 1996இல் தோக்கியோவின் இக்கெபுக்குரோ வட்டாரத்தில் வயதான தாயும் நோயாளி மகனும் இறந்து பல நாள் கழித்தே அது வெளியே தெரிந்தது. அந்த அதிர்ச்சியிலிருந்து பிறந்த யோசனையைச் சொஜிருஷி நிறுவனம் 2001இல் சந்தைக்குக் கொண்டுவந்தது: தேநீருக்கு வெந்நீர் போடும் மின்கெண்டி. முதியவர் கெண்டியைப் பயன்படுத்தும்போதெல்லாம் அதற்குள் இருக்கும் கம்பியில்லாக் கருவி செய்தி அனுப்பும். அன்று எத்தனை முறை வெந்நீர் எடுக்கப்பட்டது என்பது தொலைவில் இருக்கும் மகளுக்கு மின்னஞ்சலாகப் போகும். படம் இல்லை, குரல் இல்லை. முதியவர் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை, எந்தப் பொத்தானையும் நினைவாக அழுத்த வேண்டியதில்லை. அம்மா காலையில் தேநீர் குடித்தாரா என்பது ஒன்றே செய்தி.

தோட்டத்து வீட்டுக்கு இது அப்படியே பொருந்தும். காலைக் கோப்பி போடாத தமிழ் வீடு அங்கே கிடையாது. கெண்டி செருகும் மின்புள்ளியில் ஒரு சிறு கருவி, கழிவறைக் கதவில் ஒரு காந்த உணரி என்று இரண்டு இருந்தால் போதும். எழுபத்தைந்து வயதில் எழுத்தறியாத ஒருவரைச் செயலி பழகச் சொல்வதைவிட இது மரியாதையான வழி. கழுத்துப் பொத்தானில் ஒரு குறை உண்டு. மாட்டிக்கொள்ள வேண்டும் என்ற நினைவு வேண்டும். விழுந்த பிறகு அழுத்தத் தெம்பு வேண்டும். அதற்கு மேல், யாருக்கும் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று வாழ்நாள் முழுக்கப் பழகிய கை அதை அழுத்தத் துணிய வேண்டும். தோட்டத்துப் பாட்டிகளை அறிந்தவர்களுக்கு இந்த மூன்றாவது தடை எவ்வளவு பெரியது என்று சொல்ல வேண்டியதில்லை.

கோடு கிடைக்காத இடத்தில் இவை எப்படி வேலை செய்யும் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். தகர அட்டைக் கூரையும் மேடு பள்ளமான நிலமும் அடர்ந்த செம்பனை ஓலையும் கைத்தொலைபேசி அலையைத் தின்றுவிடுகின்றன. தேசிய இலக்கவியல் கட்டமைப்புத் திட்டமான ஜெண்டேலா, கோபுரங்களைக் கூட்டியதோடு 2021 இறுதியில் 3ஜி சேவையையும் நிறுத்தியது. ஆனால் ஒரு நாளில் சில எழுத்துகள் மட்டுமே அனுப்பும் உணரிக்கு அகன்ற அலைவரிசை தேவையில்லை. மலேசியாவில் 919 முதல் 924 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளில் இயங்கும் குறைமின் தொலைதூர வலையமைப்பு ஒன்று உண்டு. உயரமான இடத்தில் ஒரு நுழைவாயில் பெட்டியை வைத்தால் சில கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள உணரிகளிடமிருந்து செய்தி வாங்கிவிடும். உணரியின் மின்கலம் ஆண்டுக்கணக்கில் நிற்கும். மண்ணின் ஈரத்தையும் நீர்மட்டத்தையும் தொலைவிலிருந்து அளக்க உலகெங்கும் வேளாண்மையில் இது பயன்படுகிறது. மரத்தின் அடியில் ஈரம் எவ்வளவு என்று அறியப் பயன்படும் வலையமைப்பு, அந்த மரங்களுக்குப் பக்கத்தில் வாழும் கிழவி எழுந்தாரா என்று சொல்லவும் பயன்படும்.

வலையமைப்பை நம்பி ஆளைக் கைவிடுவதன் விபரீதத்தைப் பிரிட்டன் அண்மையில் பார்த்தது. பழைய செம்புக் கம்பித் தொலைபேசியை விலக்கி எல்லாவற்றையும் இலக்க முறைக்கு மாற்றும் வேகத்தில், அந்தக் கம்பியை நம்பியிருந்த முதியோர் அவசர அழைப்புக் கருவிகள் சில செயலிழந்தன. கடுமையான விளைவுகள் நேர்ந்தபின், 2023 டிசம்பரில் கட்டாய மாற்றத்தை நிறுத்திவைக்கத் தொலைபேசி நிறுவனங்கள் இணங்கின. புயல் மழையில் மின்சாரம் போவதை அறிந்த நம் தோட்டங்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல.

கருவியைவிடப் பெரிய தடை வாசலிலேயே நிற்கிறது: அடையாளம். இணையச் சேவை எதுவானாலும் முதலில் மைகாட் அடையாள அட்டை எண்ணைக் கேட்கும். சுதந்திரத்துக்கு முன்பே இங்கே பிறந்தும், பிறப்புப் பத்திரம் இல்லாததால் குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாள அட்டையோடு மூப்படைந்த தோட்டத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். 60 வயதைக் கடந்த 3,407 இந்தியர்களுக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்று 2018இல் அரசாங்கம் அறிவித்ததே இந்தப் பிரச்சினையின் அளவைக் காட்டும். குடிமக்களுக்கான நீல அட்டை உள்ளவருக்கும் வங்கி முகப்பில் சோதனை காத்திருக்கிறது. நாற்பது ஆண்டு கத்தி பிடித்து, பால் துடைத்து, தழும்பேறிய பெருவிரலில் ரேகை தேய்ந்திருக்கும். கண்ணாடித் தகட்டில் விரலை வைத்து, துடைத்து, மறுபடி வைத்து, பின்னால் வரிசை நீள்வதைப் பார்த்துக் கூசி நிற்கும் முதியவரை அரசு அலுவலக வாசலில் கண்டவர்கள் பலர். உழைத்த தடமே உழைத்துச் சேர்த்த பணத்துக்குக் குறுக்கே நிற்பது எனக்குத் தாங்க முடியாத கொடுமையாகத் தெரிகிறது. சேமநிதியும் அப்படியொன்றும் பெரிதாக இராது. தீபகற்ப மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளமே 2013 ஜனவரியில்தான், 900 ரிங்கிட்டாக, வந்தது. அதற்கு முன்பே ஓய்வு பெற்றவர்கள்தாம் இன்றைய முதியவர்களில் பலர். சமூக நல இலாகாவின் முதியோர் உதவித்தொகை மாதம் 500 ரிங்கிட்டிலிருந்து 600ஆக உயர்ந்தது 2025இல்.

கோவிட் காலத்தில் இந்த வாசல் எப்படித் திறந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 2021 பிப்ரவரியில் தடுப்பூசிப் பதிவு மைசெஜாத்ரா செயலியில் தொடங்கியபோது முதியவர்கள் பலரிடம் அந்தச் செயலியே இல்லை. பேரப்பிள்ளைகள் தங்கள் கைப்பேசியில் தாத்தா பாட்டியைச் சார்ந்தோராகச் சேர்த்தார்கள். நடமாடும் குழுக்கள் ஊர் ஊராகப் போயின. அரசின் அண்மைக்கால சாரா உதவி இன்னும் தெளிவான பாடம். 2025 ஆகஸ்ட் 31 முதல் பெரியவர்கள் எல்லாருடைய மைகாட்டிலும் 100 ரிங்கிட் வரவு வைக்கப்பட்டது. செயலி வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். அட்டையைக் கடையில் நீட்டினால் அரிசியும் எண்ணெயும் வாங்கலாம். முதல் நாள்களில் கணினி திணறியது உண்மை. ஆனாலும் முதியவர் கையில் ஏற்கெனவே உள்ள பொருளைக் கொண்டே சேவையை அமைத்தது சரியான திசை.

மருந்துக்கு வருவோம். நீரிழிவு இந்த நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இருந்தது என்று 2019 தேசிய ஆய்வு கண்டது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியரிடம்தான் அது அதிகம். கிளினிக்கில் கட்டணம் பெரிதல்ல, போய்வரும் போக்குவரத்துச் செலவுதான் பெரிது. அரசு மருந்தகங்கள் தொடர் மருந்தை அஞ்சலில் அனுப்பும் சேவையை வைத்திருக்கின்றன. நல்ல சேவைதான். ஆனால் தோட்டத்தில் அஞ்சல் பெரும்பாலும் வீட்டு வாசலுக்கு வராது, அலுவலகத்துக்குத்தான் வரும். அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் லயன் வீட்டுக்கு இன்சுலினை யார் கொண்டுபோவது? பழைய டிரசரின் இடம் இங்கே வெறுமையாகக் கண்ணில் படுகிறது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இந்த வெறுமையைப் பெண் தன்னார்வலர்களைக் கொண்டு நிரப்பியது. ஊர்ப் பெண் ஒருவர் வீட்டுக்கு வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார், மாத்திரையைக் கையில் கொடுக்கிறார், அளவைக் கைப்பேசியில் பதிகிறார். 2024இல் ஐக்கிய நாடுகளின் விருது அந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது. அதில் இணையத் தொழில்நுட்பம் இருக்கிறது; அது இருப்பது முதியவரின் கையில் அல்ல, அவரைப் பார்க்க வருகிறவரின் கையில். நம் தோட்டங்களுக்கு ஏற்ற வடிவம் இதுதான் என்பது என் துணிபு. நெகிரி செம்பிலான் எல்லையில் கெமாசைத் தாண்டினால் வரும் சிகாமட்டில், மொனாஷ் பல்கலைக்கழகம் பத்தாண்டுகளுக்கு மேலாக ஒரு சமூகச் சுகாதார ஆய்வுத் தளத்தை நடத்துகிறது. உள்ளூர் மக்களே களப்பணியாளர்களாகி, வீடு வீடாகப் போய் எல்லா இனத்தாரின் உடல்நிலையையும் பதிகிறார்கள். ஆள் கிடைக்கமாட்டார் என்ற சாக்குக்கு இங்கே இடமில்லை. தோட்டத்திலும் தாமானிலும் படித்துவிட்டு வேலை தேடும் இளம்பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம்தான் வேண்டும்.

எச்சரிக்கை ஒலித்தால் அது யாருக்கு முதலில் போக வேண்டும் என்பதிலும் நம் கருவிகள் தவறான கணக்குப் போடுகின்றன. சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்குச் செய்தி போகிறது. அவர் பதறி யாரை அழைப்பார்? 999 கட்டுப்பாட்டு நிலையத்தில் வழி கேட்டால் "கோயில் தாண்டி இடது பக்கம், பழைய ஸ்டோர் பக்கத்தில்" என்று சொல்ல வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் நாலு அடி தூரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம், வேலை முடிந்து வந்த வங்காளதேசத்து இளைஞர் ஒருவர் சோறு வடித்துக்கொண்டிருப்பார். விழுந்தவரைத் தூக்க முதலில் ஓடிவரக்கூடியவர் அவர்தான். ஆகவே வீட்டு வாசலில் ஒரு சிவப்பு விளக்கும் சங்கும் வேண்டும். அதை விளக்கும் அறிவிப்பு தமிழிலும் மலாயிலும் வங்காளத்திலும் ஒட்டப்பட வேண்டும். சிங்கப்பூர் வாடகை அடுக்குமாடிகளில் முதியோர் வீட்டில் தொங்கும் இழுகயிறு இதற்கு முன்மாதிரி: இழுத்தால் பக்கத்திலேயே உள்ள முதியோர் மையத்துக்குத் தெரியும், அங்கிருந்து ஆள் வருவார். நம் சமூக நல இலாகாவின் முதியோர் செயல்பாட்டு மையங்களான பவே மையங்களுக்கும், 1,000த்தைத் தாண்டிய நாடி இணைய மையங்களுக்கும் அந்த வேலையைக் கொடுக்கலாம். தோட்டத்து மாரியம்மன் கோயில் நிர்வாகங்களையும் இதில் சேர்க்க வேண்டும். திருவிழாவுக்கு ஊர் திரும்பும் பிள்ளைகளின் தொலைபேசி எண்கள் எல்லாம் உள்ள ஒரே குறிப்பேடு பல தோட்டங்களில் கோயில் கணக்கரிடம்தான் இருக்கிறது.

கேமரா பற்றி என் கருத்து கண்டிப்பானது: படுக்கையறையிலும் குளியலறையிலும் கூடாது, முதியவர் சம்மதிக்காமல் எங்குமே கூடாது. ஒற்றை அறை லயன் வீட்டில் கேமரா வைத்தால் உடை மாற்ற ஒதுங்கவும் இடமில்லாமல் போகும். உணரிகள் சேர்க்கும் தகவல் யாரிடம் போகிறது என்பதும் சிறிய விஷயமல்ல. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது. அரசு நடத்தும் திட்டமானால் பாதுகாப்பைத் தனியே எழுதி வாங்க வேண்டும். கைப்பேசி உறவை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை. போலீஸ் என்றும் வங்கி என்றும் சொல்லி மிரட்டும் மோசடிக்காரர்களும் அதே வழியில் வருகிறார்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய 997 மோசடித் தடுப்பு எண்ணை, மகன் எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டாவது பொத்தானில் பதிந்து வைப்பது எந்தக் கருவியையும்விட மலிவான காவல்.

இவ்வளவையும் செய்தாலும் ஒன்று மிஞ்சும். தோட்ட வீடு வேலைக்காகக் கொடுக்கப்படும் வீடு. 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் தோட்ட வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரத்தை வகுத்தது. அது பேசுவது வேலையில் இருக்கும் தொழிலாளரைப் பற்றி. வேலை முடிந்தவர் அந்த வீட்டில் இருப்பது நிர்வாகத்தின் தயவு, அல்லது இன்னும் வேலை செய்யும் மகனின் பெயர். சுவரில் உணரியைத் திருகவும், நுழைவாயில் பெட்டிக்கு மின்சாரம் இழுக்கவும், அவசர வண்டிக்கு முகவரி பதியவும் முதலில் அந்தச் சுவர் அவருக்கு உறுதியாக வேண்டும். ஓய்வுபெற்ற தொழிலாளர் உயிரோடிருக்கும்வரை குடியிருக்கும் உரிமையை 446ஆம் சட்டத்தில் சேர்ப்பதும், செய்தி கேட்டு நேரில் போய்ப் பார்க்கும் ஊழியருக்கான சம்பளத்தை மாநில வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரியாக எழுதுவதும் இந்தத் தொழில்நுட்பத்தின் பகுதிகளே. கருவி வாங்க ஒதுக்கும் பணத்துக்கு முன்னால் அந்த இரண்டையும் நம் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களிடம் கேட்க வேண்டும். அடுத்த தலைமுறைக்காக அல்ல, இப்போது எண்பதைத் தாண்டி அந்த வீடுகளில் இருப்பவர்களுக்காக.